ஊறுகாய் ஜாடியும் ஊறல் பானையும்

தமிழில் 'ஊறு' என்றொரு வினைச்சொல் உண்டு. கிணற்றில் நீர் ஊறும். நாவில் எச்சில் ஊறும். மாங்காய் உப்பில் ஊறும். இந்த ஒரே வேரிலிருந்து பிறந்த இரு பெயர்ச்சொற்கள் இன்று ஒன்றையொன்று முகம் பார்க்காமல் வாழ்கின்றன. ஒன்று ஊறுகாய். அதன் இருப்பிடம் சமையலறைப் பரண். அதன் காவலர் பாட்டி. மற்றொன்று ஊறல். அதன் இருப்பிடம் முள்வேலிக்காடு. அதைப் பற்றிய செய்தி வருவதெல்லாம் காவல்துறைக் குறிப்பில், 'கைப்பற்றி அழிக்கப்பட்டது' என்ற முடிவோடு.

இவ்விரண்டுக்கும் நடுவே ஊறுகாய் ஜாடியிலேயே ஊறும் ஊறல் ஒன்று உண்டு. அதுதான் வீட்டில் செய்யும் நாவற்பழ ஒயின். அதன் வரலாற்றைப் புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூரையும் பாகூரையும் மையமாக வைத்துப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. இந்தச் சிறு நிலப்பரப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மதுவைப் பற்றித் தமிழ்நிலம் எடுத்த எல்லா நிலைப்பாடுகளும் இங்கே ஒரே வயல்வரப்பின் இரு பக்கங்களில் நிற்கின்றன.

*

முதலில் பழம்.

'பிளம்' என்று ஐரோப்பியர் சொல்லும் கனி நம் சமவெளியில் விளைவதில்லை. அது குளிர்நாட்டு மரம். ஆனால் இங்கே வந்த ஐரோப்பியர், தம் ஊர்ப் பழத்தின் நினைவிலேயே நம் காட்டுப் பழங்களுக்குப் பெயரிட்டார்கள். நாவல் அவர்களுக்கு 'ஜாவா பிளம்' ஆயிற்று. 'பிளாக் பிளம்' என்றும் சொன்னார்கள். இலந்தை 'இந்தியன் பிளம்' ஆயிற்று. தாவரவியலின்படி இவை இரண்டும் பிளம் குடும்பத்தோடு தொடர்பற்றவை. நாவல், கொய்யாவுக்கும் கிராம்புக்கும் உறவு.

நமக்கு அந்தப் பெயர்கள் வேண்டியதில்லை. நாவல் தமிழ் மனத்தில் வேர்விட்ட மரம். நாம் வாழும் நிலப்பரப்பையே நாவலந்தீவு என்று இலக்கியங்கள் அழைத்தன. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் காவல் தெய்வமான சம்பாபதி நாவல் மரத்தின் அடியில் வீற்றிருக்கிறாள். திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். பழம் சுட்டதா சுடாததா என்று மரக்கிளையிலிருந்து கேட்ட ஆட்டிடைச் சிறுவனிடம் ஔவை தோற்ற கதை தெரியாத தமிழ்க் குழந்தை அரிது. மண்ணில் விழுந்த பழத்தை எடுத்து ஊதித் தின்பதே நாவலை உண்ணும் முறை என்பதை அந்தக் கதையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

பறித்துவைத்துத் தின்னும் பழமாக நாவல் இருந்ததில்லை. பழுத்த பின் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். ஆனி, ஆடி மாதங்களில் ஏரிக்கரைகளிலும் கோயில் தோப்புகளிலும் மரத்தடி முழுவதும் நீலக்கறை படியும். அள்ளியவர் தின்றது போக மிஞ்சியது அழுகும். வெயிலில் கிடந்த பழம் இரண்டாம் நாளே லேசாகப் புளித்து மணக்கும். அதாவது, மனிதர் கைவைக்கும் முன்பே மரத்தடியில் மது தொடங்கிவிட்டது.

*

மனிதர் கைவைக்காத மதுவைப் பற்றி நம்மிடம் ஓர் அரிய இலக்கியச் சான்று இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலைப்பாறையின் நடுவே ஒரு நீண்ட சுனை வருகிறது. அதில் மிளகு உதிர்கிறது. மாங்கனி விழுகிறது. பறவைகள் கலைத்த தேன் கலக்கிறது. பலாவின் நெகிழ்ந்த பழமும் சேர்கிறது. எல்லாம் கூடி அங்கேயே தேறலாக விளைகிறது. அதைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்த மயில், விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் பெண்ணைப்போலத் தளர்ந்து அசைகிறது.

கவிதை நயத்துக்காக இந்தப் பகுதி பலமுறை பேசப்பட்டிருக்கிறது. ஒரு செய்முறையாகவும் இதை வாசிக்கலாம். சர்க்கரைக்குப் பழமும் தேனும், காரத்துக்கு மிளகு, பாத்திரத்துக்குப் பாறைக்குழி, நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்குப் பழத்தோலின் மேலிருக்கும் சாம்பல் பூச்சு. இன்று வீட்டில் பழ ஒயின் போடுபவர் சேர்க்கும் பொருள்களின் பட்டியலும் ஏறத்தாழ இதுதான். மிளகின் இடத்தில் பட்டையும் கிராம்பும் வந்திருக்கின்றன.

மனிதர் செய்த மதுவின் செய்முறையும் பாட்டில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் அரிசியிலிருந்து கள் வடிக்கும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாக்க வேண்டும். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்ற வேண்டும். முளையை இடித்துச் செய்த அடையைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விட வேண்டும். பிறகு விரலால் அலைத்து வடிகட்ட வேண்டும். கூழை ஆறவிடுவதற்கும் முளையைச் சேர்ப்பதற்கும் வேதியியல் காரணங்கள் உள்ளன. கொதிக்கும் கூழில் முளையின் நொதிகள் அழிந்துவிடும். ஆறிய பின் சேர்த்தால்தான் அவை மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். பாஸ்டர் நொதித்தலை உயிர்களின் வேலை என்று நிறுவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். வலைஞர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூழ் ஆற வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அதே நூல், வீட்டில் சமைத்த நெல்லின் கள்ளைத் 'தோப்பி' என்ற பெயரால் குறிக்கிறது. அது வீட்டுக்குள்ளேயே ஆக்கப்பட்டது என்பதை நூல் தனியாகச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது சான்று புதுச்சேரிக்கு இன்னும் அருகே வருகிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவன் ஊர்; கடற்கரையில் எயிற்பட்டினம் அவனது பட்டினம். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது பல அறிஞர்களின் துணிபு. புதுச்சேரிக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள ஊர் அது. அங்கே செல்லும் பாணனுக்கு நுளையர் குலத்துப் பெண் தன் கையால் அரித்த தேறலும் பரதவர் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறார் புலவர். அந்தத் தேறல் பழமை முற்றியது. பழம் என்ற சொல் தமிழில் கனியையும் குறிக்கும், பழமையையும் குறிக்கும். இங்கே பழமை என்று கொள்வதே பொருத்தம்.

ஆகவே நாவற்பழ ஒயின் சங்ககாலத்தது என்று சொல்லிவிட இயலாது. நாவலில் மது வடித்ததாக இந்த நூல்கள் எதுவும் பேசவில்லை. பேசுவது வேறொன்றை: சாடி, வடிகட்டும் விரல், காத்திருக்கும் நாள்கணக்கு, அதைச் செய்யும் வீட்டுப் பெண். பழைமையானவை இவைதான்.

*

இதே காலத்தில், இதே கரையில், வேறொரு மதுவும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல்நாட்டுக் கூர்அடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. 'ஆம்போரா' என்று அழைக்கப்படும் இந்தச் சாடிகள் கப்பலில் ஒயின், எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றை ஏற்றிச்செல்லப் பயன்பட்டவை. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மீண்டும் அகழ்ந்தது. சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் மிகுந்திருப்பதைக் கண்டார். கோஸ் ஒயினுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. திராட்சைச் சாற்றோடு கடல்நீர் கலந்து செய்வது அது. உரோமானியரான கேட்டோ, கோஸ் ஒயினைப்போல ஒன்றை இத்தாலியிலேயே செய்துகொள்வதற்கான குறிப்பைத் தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். உப்பு கலந்த ஒயின், உப்புக்காற்று வீசும் கழிமுகத்தில் வந்து இறங்கியது.

அதைக் குடித்தவர் யார்? யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர நீ நாளும் மகிழ்ந்திருப்பாயாக என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். புறநானூற்றின் 56ஆம் பாட்டு அது. பொற்கிண்ணம் அரசனுக்கு. நுளைமகள் அரித்தது பாணனுக்கு. கடல்வழி வந்த மதுவும் வீட்டில் வடித்த மதுவும் ஒரே கடற்கரையில் இருந்தன, ஆனால் ஒரே பந்தியில் இல்லை.

இந்தப் பிரிவினை அதன் பிறகு முற்றிலும் நீங்கவேயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இனி வில்லியனூரும் பாகூரும்.

சங்கராபரணிக் கரையில் திருக்காமீசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் வில்லியனூர். பெரிய ஏரியின் கீழே நெல்வயல்களோடு கிடப்பது பாகூர். நிருபதுங்கவர்மன் காலத்திலேயே அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. 1749இல் சந்தா சாகிப், தமக்குச் செய்த உதவிக்காக இந்த இரு பகுதிகளின் கிராமங்களைத் துய்ப்ளேயின் பிரெஞ்சுக் கம்பெனிக்கு அளித்தார். அதன் பின் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்தார்கள். 1752இல் பாகூரிலேயே ஒரு போர் நடந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்து 1816-17இல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தபோது, அது தொடர்ச்சியான நிலமாக இல்லை. துண்டு துண்டான கிராமங்கள். ஒரு கிராமம் பிரான்சு, அடுத்தது ஆங்கிலேயரின் தென்னார்க்காடு, அதற்கடுத்தது மீண்டும் பிரான்சு. 1880இல் கொம்யூன் என்ற உள்ளாட்சி முறை வந்தபோது வில்லியனூரும் பாகூரும் அந்தத் துண்டுகளின் தலைமையூர்கள் ஆயின.

பிரெஞ்சு ஆட்சியில் நகரத்தின் கடற்கரைப் பகுதிக்குப் பிரான்சிலிருந்து திராட்சை ஒயின் கப்பலில் வந்தது. கிராமங்களுக்குத் தென்னங்கள்ளும் பனங்கள்ளும் சாராயமும். வெள்வேலம் பட்டையை வெல்லத்தோடு ஊறவைத்து வடிக்கும் 'பட்டைச் சாராயம்' தமிழகமெங்கும் அறியப்பட்டது. அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் சாராயம் காய்ச்சுவோரின் வேலமரம் என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பல விஷயங்களில் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். கள், சாராயம் விற்கும் உரிமை அரசுக்குரியது. அரசு அதைக் குத்தகைக்கு விடும். குத்தகைதாரர் பணம் கட்டுவார். மரம் குடியானவனுடையதாக இருக்கலாம்; அதில் ஊறும் கள்ளின்மீதான உரிமை ஏலத்தில் போயிற்று.

வீட்டுச் சாடி குற்றத்தின் பக்கமாக நகரத் தொடங்கியது இந்த இடத்தில்தான். யாருக்கும் கேடு செய்ததால் அது குற்றமாகவில்லை. வரி கட்டாததால் ஆயிற்று. சங்கநூல்கள் 'இல்லில் அட்டது' என்று இயல்பாகச் சொன்ன செயலுக்குக் 'கள்ளச்' சாராயம் என்ற அடைமொழி சேர்ந்தது.

*

இந்தச் சூழலில் வீட்டு ஒயின் எப்படி உயிர்பிழைத்தது? கிறிஸ்துமஸ் வழியாக.

திருப்பலிக்குத் திராட்சை ஒயின் இன்றியமையாதது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அதில் விட்டுக்கொடுப்பதில்லை; திராட்சைக் கனியிலிருந்து செய்ததாகவே இருக்க வேண்டும். வேறு எந்தப் பழரசத்துக்கும் பீடத்தில் இடமில்லை. தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையை 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்ற செய்தி வழங்கிவருவதும் இதோடு பொருந்திப்போகிறது. வில்லியனூரில் 1877இல் லூர்து அன்னைக்குக் கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றிய வாழ்க்கையில் ஒயின் என்ற சொல் கள்ளுக்கடையின் வாடை இல்லாத சொல்லாக நுழைந்தது. கேரளத்திலும் கோவாவிலும் தமிழகக் கடற்கரையிலும் கிறித்தவக் குடும்பங்கள், டிசம்பரில் கேக்கோடு பரிமாறுவதற்கு ஒரு ஜாடி ஒயின் போடுவது வழக்கமாயிற்று. பீடத்துக்குத்தான் திராட்சை கட்டாயம். வீட்டுக்கு எது மலிவோ அது: அன்னாசி, நெல்லிக்காய், பீட்ரூட், நாவல்.

நாவலுக்கு இதில் ஒரு நாட்கணக்கு வசதியும் உண்டு. ஆடியில் போட்ட ஜாடி மார்கழியில் தெளிந்து நிற்கும்.

செய்முறை எளிது. பழத்தைக் கழுவி ஈரம் போக உலர்த்த வேண்டும். கையால் பிசைய வேண்டும். கொட்டை உடையக்கூடாது, உடைந்தால் கசக்கும். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் காய்ச்சி ஆறிய நீர். ஒரு கைப்பிடி கோதுமை, இரண்டு துண்டு பட்டை, நான்கைந்து கிராம்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடி வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. நாவலின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். ஜாடியின் வாயைத் துணியால் கட்ட வேண்டும். இறுக மூடினால் உள்ளே கிளம்பும் கரியமில வாயு ஜாடியையே உடைத்துவிடும். நாள்தோறும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, மேலும் இருபத்தொரு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலே நிற்பது கருஞ்சிவப்பாக இருக்கும்.

இவ்வளவு சர்க்கரை ஏன்? ஒயின் திராட்சையில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். நாவலில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகும். வெறும் நாவற்சாற்றில் விளைவது பலவீனமான மது. அது விரைவில் கெட்டுவிடும். சர்க்கரை சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டை எட்டலாம். பதினைந்தை நெருங்கும்போது ஈஸ்ட் தானே செத்துவிடும். தன் உழைப்பின் விளைவிலேயே மூழ்கி இறக்கும் உயிர் அது. நொதித்தலுக்கு இயற்கையே விதித்த இந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஒயினும் சாராயமும் பிரியும் இடம் அந்த அடுப்பு.

இன்னொரு கிளைவழியும் உண்டு. ஜாடியில் காற்று தாராளமாகப் புகுந்தால் வேறொரு நுண்ணுயிர் வேலைக்கு வந்து, ஆல்கஹாலைப் புளிக்காடியாக்கிவிடும். நாவற்காடி வட இந்தியாவில் நீரிழிவுக்கு நல்லது என்று புட்டியில் விற்கப்படும் பண்டம். அதே பழம், அதே ஜாடி. காற்றுப் பட்டால் மருந்து. காற்றுப் படாமல் காத்தால் குற்றம்.

*

குற்றமா? இதற்கான விடை நீங்கள் வரப்பின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு காலத்தில் மாறியது.

1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது புதுச்சேரி பிரான்சு. பாகூரின் ஒரு வயலில் கள் இறக்கலாம். அடுத்த வயல் தென்னார்க்காடு, அங்கே இறக்கினால் சிறை. பனைமரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. குடிக்க வருபவருக்கு நன்றாகத் தெரிந்தது. துண்டு துண்டாகச் சிதறிய எல்லை, 18ஆம் நூற்றாண்டு நவாபின் தானத்தால் விளைந்தது, 20ஆம் நூற்றாண்டில் கள்ளுக்கடைகளின் வரைபடமாயிற்று.

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962இல் அது சட்டப்படி முழுமையடைந்தது. ஆனால் அரசியலமைப்பின்படி மது மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. யூனியன் பிரதேசமான புதுச்சேரி தன் வழியிலேயே சென்றது. தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, சில ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்து, 1981இல் மறுபடி தளர்த்தியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் இன்றும் ஏலம் விடப்படுகின்றன. வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் அரசு நிறுவனமான வடிசாலை இருக்கிறது. ஒரு பக்கம் கள் குற்றம், ஆனால் அரசே நடத்தும் கடையில் சீமைச் சரக்கு கிடைக்கும். மறுபக்கம் கள்ளும் சாராயமும் உரிமத்தோடு கிடைக்கும்.

இரு பக்கமும் ஒத்துப்போகும் ஒன்று உண்டு: உரிமமில்லாமல் வீட்டில் மது செய்யக்கூடாது. இந்தியாவின் ஆயத்தீர்வைச் சட்டங்கள் பொதுவாக உரிமமற்ற மது உற்பத்தியைத் தடுக்கின்றன. ஜாடியின் அளவையோ அது விற்பனைக்கா என்பதையோ முதன்மையாக அவை கேட்பதில்லை. கேரளத்தில் 2019 டிசம்பரில், வீட்டில் ஒயின் செய்வது தண்டனைக்குரியது என்று ஆயத்தீர்வைத் துறை பண்டிகை வேளையில் எச்சரித்தபோது பலர் திடுக்கிட்டார்கள். பாட்டி காலத்திலிருந்து செய்துவந்தது சட்டத்துக்குப் புறம்பு என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. அதே கேரளம் 2022இல், தன் விளைபொருள்களிலிருந்து பழ ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தரும் விதிகளை வெளியிட்டது. வீணாகும் பழத்துக்கு ஒரு விலை கிடைக்கட்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் அதுவும் ஆலைக்கான வழிதான். வீட்டு ஜாடி அதில் வராது.

*

இந்த இடத்தில் மறுதரப்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். குடி வீட்டைக் கெடுக்கும் என்பது அரசாங்கம் கண்டுபிடித்த செய்தி அன்று. திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. தேறலை வடித்த பெண்ணைப் பாடிய அதே மொழியில், குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண்ணின் ஒப்பாரியும் இருக்கிறது. மதுக்கடைகளை மூடச் சொல்லித் தெருவில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. வீட்டில் செய்வதால் மட்டும் மது புனிதமாகிவிடாது. பழத்தில் நொதித்த ஒயினிலும் பழத்தோலின் பெக்டினிலிருந்து சிறிதளவு மெத்தனால் உண்டாகத்தான் செய்யும். அது நொதித்த அளவில் தீங்கற்ற சிறு அளவு, ஆனால் தெரியாதவர் காய்ச்சி வடிக்கத் தொடங்கினால் அந்த அமைதி நீடிக்காது.

இவ்வளவும் உண்மை. இருந்தும் ஒரு செய்தி என்னைத் தொந்தரவு செய்கிறது.

2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நிகழ்ந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். இந்தச் சாவுகளுக்குக் காரணம் யாருடைய சமையலறையிலும் ஊறியதன்று. அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். யாரோ வாங்கி, யாரோ தண்ணீர் கலந்து, யாரோ பாக்கெட்டில் அடைத்து விற்றது. உடலுக்குள் சென்றதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை.

மரக்காணம் எயிற்பட்டினம் என்றால், நுளைமகள் தன் கையால் தேறலை அரித்துப் பாணனுக்குக் கொடுத்த அதே கடற்கரை இது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், அதே கரையில், மீனவர் குடியிருப்பில், அதே செயலின் இரு எல்லைகள். அங்கே வடித்தவள் யார் என்பது குடித்தவனுக்குத் தெரியும். அவள் முகத்துக்கு முன்னால் அமர்ந்து குடித்தான். அவளும் அவள் வீட்டாரும் அதே சாடியிலிருந்துதான் குடித்திருப்பார்கள். இங்கே செய்தவன் யார் என்பது குடித்தவருக்குத் தெரியாது. செய்தவன் தான் செய்ததைக் குடிக்க மாட்டான்.

மதுவின் வரலாற்றில் நாம் இழந்தது இந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். தானும் தன் வீட்டாரும் விருந்தினரும் குடிப்பதற்காக ஒருவர் வடிக்கும் மது. அதில் ஒரு பொறுப்பு தானாகவே இருந்தது. அதை முதலில் குத்தகை எடுத்துக்கொண்டது, பிறகு வருவாய், பிறகு விலக்கு. மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும், வீட்டுக்கும் வடிப்பவருக்கும் இருந்த தொடர்பை அறுப்பதில் ஒன்றுபட்டன. மிஞ்சியவை இரண்டு: அரசு முத்திரையிட்ட புட்டி, முகமற்ற பாக்கெட்.

இதற்கு விடை எல்லா வீட்டிலும் ஜாடி வைப்பது என்று நான் சொல்ல வரவில்லை. குடியாமல் இருப்பது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. நம் சட்டமும் மொழியும் ஒரு வேறுபாட்டைச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். கிறிஸ்துமஸுக்கு ஐந்து லிட்டர் நாவல் ஊறவைக்கும் ஒரு கிழவியையும், மெத்தனால் பீப்பாயை உருட்டிவரும் ஒருவனையும் ஒரே சொல்லால் குறிப்பது கருத்துத் தெளிவின்மை. சட்டம் அளவையும் நோக்கத்தையும் வைத்துப் பிரிக்கலாம். உலகின் பல நாடுகளில் விற்பனைக்கல்லாத வீட்டு ஒயினுக்கு அவ்வாறு இடமிருக்கிறது.

அதுவரை பாகூர் ஏரிப் பக்கத்து நாவல் மரங்கள் ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் தம் வேலையைச் செய்யும். பழம் உதிரும். சிறுவர்கள் நீலநாக்கோடு திரிவார்கள். அள்ளியது போக மிஞ்சியது மண்ணில் கிடந்து, யாருடைய உரிமத்தையும் கேட்காமல், மெல்ல ஊறத் தொடங்கும்.